வசனத்தைத் தட்டித் தள்ளிவிட்டு ரிவ்யூ எழுதாதீர்கள்

நேற்று நம் கேம் குழுவில் 'ஹெரால்டு' என்ற கப்பல் கதை கேமை வைத்து நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த ரிவ்யூ, அதற்குக் கீழே விழுந்த சிரிப்பு எமோஜிகள், நடுவில் ஒருவர் பொறுமையாக விளக்கப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டது, எல்லாம். அங்கேயே பதில் எழுத உட்கார்ந்தேன். நீண்டுகொண்டே போனதால் இங்கே போடுகிறேன். எழுதியவர் பெயரை இழுக்கப்போவதில்லை. அவர் ஒருவர் மட்டும் செய்கிற காரியமும் இல்லை இது.

அந்த ரிவ்யூவின் சாரம் இதுதான்: கப்பல் கேம் என்கிறார்கள், கப்பலை ஓட்டவே விடவில்லை, சண்டை இல்லை, பேசிக்கொண்டே இருக்கிறார்கள், பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். அதற்குக் கீழே கமெண்டில் அவரே சொல்கிறார், வசனங்களைப் பாதிக்கு மேல் தட்டித் தட்டித் தள்ளிவிட்டாராம். எனக்குக் கோபம் வந்தது அந்த ஒரு வரியில்தான். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, அதில் யாருக்கும் வழக்கு இல்லை. ஆனால் விஷுவல் நாவலில், அதாவது படங்களோடு வசனத்தைப் படித்து, நடுநடுவே தேர்வு செய்து நகர்த்தும் கதை கேமில், வசனம்தான் கேம். அதைத் தள்ளிவிட்டால் நீங்கள் விளையாடவில்லை. விளையாடாத ஒன்றுக்கு ரிவ்யூ எழுதாதீர்கள்.

'ஓட்டவே விடவில்லை' என்ற புகாரை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குத்தான் அதிக லைக் விழுந்திருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த விஸ்ப்ஃபயர் என்ற சின்ன ஸ்டூடியோ 2017ல் வெளியிட்ட கேம் இது. விஷுவல் நாவலும் பழைய பாயிண்ட் அண்ட் கிளிக் (திரையில் உள்ளதைச் சுட்டிக் கிளிக் செய்து நகர்த்தும்) சாகச கேமும் கலந்த வடிவம். காலனி ஆட்சிக் காலத்தை ஒத்த, கற்பனையாக மாற்றி எழுதிய 19ஆம் நூற்றாண்டு. நாயகன் டெவன் ரென்ஸ்பர்க் கிழக்கு, மேற்கு இரண்டு பக்க ரத்தமும் ஓடுகிறவன். தன் வேரைத் தேடிக் கிழக்கே போக, ஒரு வணிகக் கப்பலில் ஸ்டூவர்டாக வேலைக்குச் சேர்கிறான். ஸ்டூவர்டு, அதாவது பரிமாறுகிறவன், அறையைக் கவனிக்கிறவன், கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிறவன். அவன் கையில் எப்படிச் சுக்கானைக் கொடுப்பார்கள்?

பாய்மரக் கப்பல் காலத்தில் வேலை எப்படிப் பிரிந்திருந்தது என்று பாருங்கள். மாலுமிகளை இரண்டு அணியாகப் பிரித்து நாலு நாலு மணி நேரம் மாற்றி மாற்றிக் காவல் போடுவார்கள். மாலை 4 முதல் 8 வரையுள்ள காவலை மட்டும் இரண்டிரண்டு மணி நேரமாக வெட்டுவார்கள். அப்போது ஒரு நாளைக்கு ஏழு காவல் வரும். ஒற்றைப்படை என்பதால் நேற்று நள்ளிரவில் நின்ற அணியே இன்றும் நிற்க வேண்டியிருக்காது. அரை மணிக்கு ஒரு தரம் மணி அடிக்கும், காவல் முடியும்போது எட்டுத் தரம் அடிக்கும். இந்தச் சுழற்சிக்குள் வராதவர்கள் சிலர் உண்டு: சமையல்காரர், தச்சர், பாய் தைப்பவர், ஸ்டூவர்டு. பகல் முழுக்க வேலை, இரவு தூக்கம். பாய் ஏற்றுவதும் இறக்குவதும் அவர்களுடைய அன்றாட வேலையில் சேராது.

இவர்களிலும் ஸ்டூவர்டுக்கு ஒரு தனி இடம். மாலுமிகள் படுப்பது கப்பலின் முன்பக்கம், கேப்டனும் அதிகாரிகளும் பயணிகளும் பின்பக்கம். பின்பக்கத்து மேஜையில் பேசுவதும் அவன் காதில் விழும், முன்பக்கத்தில் முணுமுணுப்பதும் விழும். இரண்டு பக்கத்துக்கும் அவன் முழுசாகச் சொந்தமில்லை. இரண்டு ரத்தம் ஓடுகிற ஒருவனை அந்த வேலையில் வைத்தது தற்செயல் இல்லை. யார் பக்கம் நிற்கிறாய் என்று ஒவ்வொருவரும் அவனைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், வாயைத் திறந்தும் கேட்பார்கள், திறக்காமலும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் அந்த கேமில் உங்கள் வேலை. கதை முழுவதையும் டெவன் பிற்பாடு ராணி என்ற ஒரு பெண்ணிடம் உட்கார்ந்து சொல்கிற மாதிரி அமைத்திருப்பதால், நடந்ததற்கும் பதில் சொல்கிறீர்கள், நடந்ததை எப்படிச் சொல்கிறீர்கள் என்பதற்கும் பதில் சொல்கிறீர்கள். தட்டித் தட்டித் தள்ளியவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியே இல்லை. அவர் பார்த்தது, ஒரு ஆள் கப்பலுக்குள் இங்கும் அங்கும் நடக்கிறான், அவ்வளவுதான்.

சரி, "எவ்வளவு பேச்சு" என்பார்கள். சூயஸ் கால்வாய் 1869ல்தான் திறந்தது. அதற்கு முன்னால் ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கிழக்கே வர நாலு மாதம், ஐந்து மாதம், காற்று கைவிட்டால் அதற்கும் மேல். ஒரே மரக்கூட்டுக்குள், ஒரே முகங்களோடு. புயல் என்பது அந்த மாதங்களில் சில நாள். மீதி நாளெல்லாம் பேச்சும் புழுக்கமும் பழைய கணக்குத் தீர்ப்பதும்தான். கடல் பயணத்தைப் பேச்சால் எழுதுவதில் என்ன தவறு?

இன்னொரு கப்பலையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதையும் இதே குழுவில் இதே மாதிரிக் கிழித்திருக்கிறார்கள். 2009ல் ஜப்பானில் நிண்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கருவிக்கு வந்த '999' என்ற கேம். நாயகன் ஜுன்பெய் ஒரு கப்பலின் மூன்றாம் வகுப்புக் கேபினில் கண் விழிக்கிறான், ஜன்னல் கண்ணாடி உடைந்து தண்ணீர் உள்ளே பாய்கிறது, ஒன்பது மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும். அவனுக்கும் அவனோடு மாட்டிக்கொண்டவர்களுக்கும் ஆளுக்கு ஒரு எண்ணுள்ள வளையம் கையில். எண் போட்ட கதவைத் திறக்க மூன்று முதல் ஐந்து பேர் வேண்டும். அவர்கள் எண்களைக் கூட்டி, வந்த தொகையின் இலக்கங்களை மறுபடி கூட்டினால் கதவின் எண் வர வேண்டும். 1, 5, 8 சேர்ந்தால் 14. 1ம் 4ம் 5. ஐந்தாம் கதவு திறக்கும். இந்த விதியிலிருந்துதான் யார் யாரோடு போகலாம், யாரை விட்டுவிட்டுப் போக வேண்டிவரும் என்ற அத்தனை பயமும் பிறக்கிறது. விதி எங்கே சொல்லப்படுகிறது? வசனத்தில். தள்ளிவிட்டவர் கடைசிவரை "இவர்கள் ஏன் கதவு முன்னால் நின்று சண்டை போடுகிறார்கள்" என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பார். அதைத்தான் ரிவ்யூ என்று எழுதியும் வைத்தார்கள்.

அதிலேயே இன்னொன்று. பல முடிவுகளில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு "அவசரமாக முடித்துவிட்டார்கள்" என்று எழுதுகிறவர்கள். அந்த கேமில் உண்மையான முடிவை எட்ட, அதற்கு முன்னால் வேறொரு குறிப்பிட்ட முடிவைப் பார்த்திருக்க வேண்டும். முதல் தடவையில் கிடைப்பது பெரும்பாலும் கெட்ட முடிவுதான், அது கதையின் ஒரு துண்டு. ஆனால் இங்கே நியாயமான புகார் ஒன்று உண்டு. டிஎஸ் பதிப்பில் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். படித்த வசனத்தை வேகமாக ஓட்டலாம், புதிர்களை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டே ஆக வேண்டும். 2017ல் வந்த மறுபதிப்பில் கிளைப்படம் வைத்து, வேண்டிய இடத்துக்குத் தாவ வழி செய்தார்கள். விளையாடியவர்கள் சொன்ன புகார் எந்த இடத்தில் இடிக்கிறது என்று தெளிவாகக் காட்டுகிறது பாருங்கள். படித்தவர்களால்தான் அப்படிப் புகார் சொல்ல முடியும்.

வசனத்தை ஓட்டிவிடும் ஸ்கிப் வசதி எதற்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும், பலருக்கு அது தெரியாமலேயே இருக்கிறது. விஷுவல் நாவல்களில் நிறைய ரென்பை என்ற இலவச மென்பொருளில் செய்யப்பட்டவை. அதில் கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தால் வசனம் ஓடும். டேப் விசையைத் தட்டினால் தானாக ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் வழக்கமான அமைப்பில், ஏற்கெனவே படித்த வசனத்தை மட்டும்தான் ஓட்டும், புது வசனம் வந்ததும் நின்றுவிடும். இரண்டாம் தடவை விளையாடும்போது புதிய கிளை எங்கே பிரிகிறது என்று கண்டுபிடிக்க வைத்த ஏற்பாடு அது. அமைப்புக்குள் போய், படிக்காததையும் ஓட்டு என்று நீங்களே மாற்றி வைத்தால் மட்டுமே முழுக்க ஓடும். மாற்றியவர் நீங்கள்.

படிக்கச் சிரமமாக இருந்தால் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். எழுத்து வரும் வேகத்தைக் கூட்டலாம். தானாக நகரும்படி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு படிக்கலாம். ஒரு வரியைத் தவறவிட்டால் மவுஸ் சக்கரத்தை மேலே உருட்டினால் கதை பின்னால் போகும், தேர்வு செய்த இடத்துக்கே கூடப் போகும். யார் எப்போது என்ன சொன்னார் என்று மறந்தால் பழைய வசனங்களின் பட்டியலைத் திறந்து பார்க்கலாம். வி விசையைத் தட்டினால் கணினியே வாசித்துக் காட்டும், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் இதை நம்பித்தான் விளையாடுகிறார்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னால் தனித்தனி இடத்தில் சேமித்துவிடுங்கள். ஒரே சேமிப்பின் மேலேயே எழுதிக்கொண்டு போனால் பத்தாவது தேர்வில் மாட்டிக்கொண்டு திரும்ப வழியில்லாமல் நிற்பீர்கள். பாதிப் பேர் வெறுத்துப்போவது இந்த இடத்தில்தான். எல்லா கேமிலும் இந்த வசதிகள் இருக்காது. இல்லாவிட்டால் அதை எழுதுங்கள், அது உண்மையிலேயே உதவும் ரிவ்யூ.

"காசு கொடுத்தவன் கருத்துச் சொல்லக் கூடாதா?" என்று வரப்போகிறவர்களுக்கு: சொல்லலாம். காசைத் திரும்ப வாங்கவும் உரிமை உண்டு. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் கணினி கேம் விற்கும் தளமான ஸ்டீமில் கேள்வி கேட்காமல் தருகிறார்கள். அதை யாரும் தடுக்கவில்லை. காசு கொடுத்ததால் படித்ததாக ஆகிவிடாது என்பது மட்டும்தான் நான் சொல்வது.

"என் ஒரு ரிவ்யூவால் என்ன குடி முழுகிவிடும்?" முழுகும். ஸ்டீமில் விரல் மேலே, விரல் கீழே, இரண்டே தேர்வு. பத்து ரிவ்யூ சேர்ந்தால்தான் மதிப்பீடே தெரியும். சின்ன கேம் ஒன்றுக்குப் பத்தில் ஏழு நல்ல ரிவ்யூ இருந்தால் 70 சதவீதம், 'பெரும்பாலும் நல்ல கருத்து' என்று காட்டும். பதினொன்றாவதாக நீங்கள் வந்து விரலைக் கீழே காட்டினால் 64 சதவீதத்துக்கும் கீழே இறங்கி 'கலவையான கருத்து' ஆகிவிடும். பட்டியலில் அந்த வார்த்தையைப் பார்த்ததுமே அடுத்ததற்குத் தாவுகிறவர்கள் எத்தனையோ பேர். பெரிய நிறுவனத்தின் கேமுக்கு லட்சம் ரிவ்யூவில் உங்களுடையது கரைந்துபோகும். நாலைந்து பேர் சேர்ந்து வருடக்கணக்கில் வரைந்து எழுதிய ஒன்றுக்குக் கரையாது.

ஹெரால்டில் குறையே இல்லையா? இருக்கிறது, பெரிய குறை. 2017ல் வந்தது முதல் இரண்டு பாகம் மட்டும். கதை சூடு பிடிக்கும் இடத்தில் அறுந்து நிற்கிறது. தேர்வுகளின் விளைவு பின்னால் வரும் என்று நம்பி ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்தவருக்கு அது வலிக்கும், எனக்கும் வலித்தது. வாங்குவதற்கு முன் யாரிடமும் இதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் நேற்றைய ரிவ்யூவில் இந்தக் குறையைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. அவர் அந்த இடம்வரை போகவே இல்லையே!

இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தச் சிரிப்பு எமோஜிகள் என்னைக் குத்தியது கேமுக்காக மட்டும் இல்லை. "புத்தகம் படிக்கணும்னா புத்தகமே வாங்கிக்க மாட்டோமா", "இதெல்லாம் விளையாட்டுன்னு சொல்லிக்கிறாங்க" என்று எழுதியிருந்தார்களே, அது படிக்கிறவர்களைப் பார்த்து எறிந்தது. 2018ல் வந்த 'ஓப்ரா டின்' என்ற கப்பல் மர்ம கேமைக் கொண்டாடியவர்களும் அதே ஆட்கள்தான். அறுபது பேரின் கதியை, யார் எந்தத் தொங்கு படுக்கையில் படுத்தார்கள், யார் எந்தச் சாயலில் பேசினார்கள் என்று துளித்துளியாகக் கவனித்துக் கண்டுபிடித்தார்கள். கவனிக்கத் தெரியாதவர்கள் இல்லை. எழுத்து என்று வந்ததும் அந்தக் கவனத்தைத் தர மனமில்லை, தருகிறவர்களையும் மட்டமாகப் பார்க்கிறார்கள். விரல் வேகம் இல்லாதவர்கள், கை நடுங்குகிறவர்கள், துப்பாக்கிச் சத்தம் ஆகாதவர்கள், கதை மேல் ஆசை உள்ளவர்கள் என்று எத்தனையோ பேருக்குக் கன்ட்ரோலரைத் தொட வைத்த முதல் கேம் விஷுவல் நாவல்தான். அவர்களும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். நேற்று அந்தக் கமெண்டுகளை அவர்களும் படித்தார்கள்.

"நீ மட்டும்தான் ஒழுங்காக விளையாடுகிறாயா" என்று கேட்காதீர்கள். எனக்குப் பிடித்த மாதிரி எழுதச் சொல்லவில்லை. எந்தப் பாதையில் போனீர்கள், எதுவரை போனீர்கள், வசனத்தைப் படித்தீர்களா ஓட்டினீர்களா, எழுத்தின் அளவு கண்ணுக்கு ஒத்துக்கொண்டதா, சேமிப்பில் சிக்கல் வந்ததா, நீங்கள் செய்த எந்தத் தேர்வு கதையில் எதை மாற்றியது அல்லது மாற்றவில்லை. இவற்றில் நாலு வரி இருந்தால் திட்டி எழுதினாலும் நானே பகிர்கிறேன்.

அந்த நண்பருக்கு ஒரு வேண்டுகோள். ரிவ்யூவைத் திருத்தும் வசதி ஸ்டீமில் இருக்கிறது. பணம் திரும்ப வாங்கிய ரிவ்யூ என்பதையும் அது தானே காட்டிவிடும். விரலை மேலே மாற்றச் சொல்லவில்லை. கமெண்டில் எழுதினீர்களே, வசனத்தைப் பாதிக்கு மேல் தள்ளிவிட்டேன் என்று, அந்த வரியை ரிவ்யூவிலும் முதல் வரியாகச் சேர்த்துவிடுங்கள்.