நடிகர் ஃபாஸ்பைண்டரை விட்டுவிட்டீர்களே

ஜெர்மன் இயக்குநர் ஃபாஸ்பைண்டரைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அவர் 37 வயதுக்குள் நாற்பதுக்கும் மேல் படம் எடுத்ததை விரிவாக எழுதிவிட்டு, அவர் நடிப்பை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். 1974-இல் அவர் இயக்கிய 'அலி: ஃபியர் ஈட்ஸ் த சோல்' படத்தில் நாயகியின் மருமகனாக வருவாரே, நினைவிருக்கிறதா? சோம்பேறி. உட்கார்ந்த இடத்திலிருந்தே மனைவியைப் பீர் கொண்டுவரச் சொல்லி அதட்டுவார். பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்! அடுத்த வருடமே 'ஃபாக்ஸ் அண்ட் ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் நேரெதிர் ஆள். லாட்டரியில் 5 லட்சம் ஜெர்மன் மார்க் விழுந்த ஃபாக்ஸ் என்ற திருவிழாக் கூடாரத் தொழிலாளி. பணக்காரக் காதலனும் அவன் குடும்பமும் மொத்தத்தையும் உறிஞ்சிவிடுவார்கள். கடைசியில் ஃபாக்ஸ் சுரங்க ரயில் நிலையத்தில் பிணமாகக் கிடப்பான், இரண்டு சிறுவர்கள் அவன் சட்டைப்பையைத் துழாவுவார்கள். அந்த ஏமாளி முகத்துக்கு வேறு நடிகரைத் தேடாமல் தானே நின்றாரே, அதற்காவது ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.