பாப் ஃபில்டரை மைக்கோடு ஒட்டி வைக்காதீர்கள்

போன மாதம் ஒரு தோழி, தான் பாடிய பாட்டை மிக்ஸ் செய்து தரச் சொல்லி அனுப்பியிருந்தார். நல்ல கனமான குரல், ஓரிடத்தில்கூட சுருதி பிசகவில்லை. ஆனால் பல்லவியில் 'ப' வருகிற இடத்திலெல்லாம், அடுத்த அறையில் யாரோ கதவைக் கையால் குத்துவது போல 'தொம்' என்று ஒரு சத்தம். பாப் ஃபில்டர், அதாவது மைக்குக்கு முன்னால் நிற்கும் வலை, இல்லாமல் பாடினீர்களா என்று கேட்டேன். இருக்கிறது, இரண்டடுக்கு நைலான், பார்த்துப் பார்த்து வாங்கியது, இதைவிட நல்லதாக எதை வாங்கலாம் சொல்லுங்கள் என்றார். வாங்குவது இருக்கட்டும், இப்போது எப்படி மாட்டியிருக்கிறீர்கள் என்று ஒரு போட்டோ அனுப்புங்கள் என்றேன். வந்தது. வலை மைக்கின் முன்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

வலையை மைக்கிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்து, வலையிலிருந்து இன்னொரு நான்கு விரல் தள்ளி நின்று பாடச் சொன்னேன். அதே ஃபில்டர், அதே மைக், அதே பல்லவி. தொம் சத்தம் போயே போய்விட்டது.

எனக்கு வருகிற குரல் பதிவுகளில் அடிக்கடி பார்க்கும் கோளாறு இது. பாப் ஃபில்டர் என்றால் மைக்குக்கு மாட்டும் ஒரு மூடி என்று நினைத்துக்கொள்கிறார்கள். எந்த பிராண்ட், எத்தனை அடுக்கு என்று நாள் கணக்கில் தேடுகிறார்கள். எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கேட்கிறவர்கள் மிகக் குறைவு. என்னைக் கேட்டால் அந்த இடைவெளிதான் ஃபில்டர், வலை அதற்குத் துணை.

ஏன் என்றால், பாடும்போது வாயிலிருந்து ஒலியும் வருகிறது, காற்றும் வருகிறது, இரண்டும் வேறு வேறு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் போகும், ஆனால் அதில் காற்று இடம்விட்டு இடம் போவதில்லை, இருந்த இடத்திலேயே மிக மிகக் கொஞ்சமாக அதிர்ந்து அடுத்ததைத் தள்ளிவிடுகிறது. 'ப' சொல்லும்போது நடப்பது அப்படி இல்லை. உதடுகள் மூடுகின்றன, பின்னால் அழுத்தம் சேருகிறது, திறந்தவுடன் ஒரு கட்டிக் காற்று நேராக முன்னே பாய்கிறது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து 'பப்பா' என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் 'மம்மா' என்று சொல்லுங்கள். இரண்டிலும் உதடு மூடுகிறது, ஆனால் 'ம' சொல்லும்போது காற்று மூக்கு வழியாகப் போய்விடுவதால் கையில் ஒன்றும் படாது. அதனால்தான் எந்த மைக்கும் 'ம'வுக்குத் தொம் அடிப்பதில்லை. அந்தக் கட்டிக் காற்று மைக்குக்குள் இருக்கும் மெல்லிய படலத்தை மோதித் தள்ளுகிறது, எந்தக் குரலும் தள்ளாத அளவுக்கு. நமக்குக் கேட்கும் தொம் அதுதான், பெரும்பாலும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிடக்கும் ஒரு அடி.

வலை என்ன செய்கிறது? ஒலியின் அதிர்வு மிகச் சிறியது, அதனால் துளைகள் வழியாகத் தடையில்லாமல் போய்விடும். பாய்ந்து வரும் காற்று அந்த நுண்ணிய துளைகளில் மாட்டிச் சின்னச் சின்னச் சுழல்களாக உடைகிறது. உடைந்த காற்று பரவி அடங்க அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும். மைக்கோடு ஒட்டி வைத்தால் அந்த இடமே இல்லை, காற்று உடைந்த உடனேயே போய் மைக்கில் மோதிவிடுகிறது. வலைக்கும் மைக்குக்கும் நடுவே 5 முதல் 10 செ.மீ., உதட்டுக்கும் வலைக்கும் நடுவே இன்னொரு 5 முதல் 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான குரல்களுக்குச் சரியாக வரும்.

கிட்டப் போனால் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்ளும். முன்பக்க ஒலியை அதிகமாகப் பிடிக்கும் கார்டியாய்ட் மைக்குகள் பெரும்பாலும் வாய் நெருங்க நெருங்க அடிஸ்தாயியைத் தூக்கிக் காட்டும். குரல் தடிமனாக, வானொலிக் குரல் மாதிரி கேட்கும், பலருக்கு அது பிடித்துப்போய் மைக்கை முத்தமிடும் தூரத்துக்கே போய்விடுகிறார்கள். குரலின் அடிஸ்தாயியைத் தூக்கும்போது தொம் சத்தத்தையும் அதே மைக் தூக்கித்தான் காட்டும். அதோடு, உணர்ச்சி ஏறும் வரிகளில் பாடுகிறவர் தன்னை அறியாமலே முன்னால் சாய்வார். நடுவில் வலை நின்றால் அதற்கு மேல் போக முடியாது, முதல் டேக்கும் ஐந்தாவது டேக்கும் ஒரே தூரத்தில் ஒரே நிறத்தில் இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே, தொம் அடிக்காத குரலுக்கும் நான் ஃபில்டர் வைப்பேன்.

சரி, எதை வாங்குவது? வீட்டில் கண்டென்சர் மைக் (நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் வகை) வைத்துப் பாடுகிறவருக்கு வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய நைலான் வலையே போதும். காற்றை நன்றாக உடைக்கும். துணி ரொம்ப அடர்த்தியாக இருந்தால் குரலின் மேல்ஸ்தாயிப் பளபளப்பைக் கொஞ்சம் தின்னும், எனவே வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், மறுபக்கம் ஓரளவு தெரிய வேண்டும். உலோக வலை பல வருடம் உழைக்கும், கழுவித் துடைத்து உடனே மாட்டலாம், பலர் வந்து பாடும் இடத்துக்கு அதுதான் வசதி. ஆனால் பலமான 'ப'வை நைலான் அளவுக்கு அது தடுத்து நான் பார்த்ததில்லை, அதைக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது. மைக்கின் தலையில் மாட்டும் ஃபோம் உறையில் இடைவெளியே கிடையாது, அதனால் பாட்டுக்கு அதை மட்டும் நம்பமாட்டேன். தலையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவர்களுக்கு, மேடையில் அதிகம் பார்க்கும் டைனமிக் வகை மைக்குக்கு, அது சரி. ஷூர் எஸ்எம்58-இன் உருண்டைத் தலைக்குள்ளேயே ஃபோம் இருக்கிறது, மேடைக்கு அது போதும், இருந்தாலும் உதட்டை அதில் ஒட்டிப் பாடினால் அதுவும் தொம் அடிக்கும். ஃபோம் வருடங்கள் போனால் பொடிப்பொடியாக உதிரும், அப்போது தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

ஒன்றுமே வாங்க முடியாதவர்கள் எம்பிராய்டரி போடும் வளையத்தில் பழைய நைலான் காலுறையை இழுத்து மாட்டினால் போதும். கடையில் கிடைப்பதும் அதே தத்துவம்தான்.

வாங்கும்போது எல்லோரும் வலையைப் பார்க்கிறார்கள், நான் முதலில் கழுத்தைப் பார்ப்பேன். வளையும் அந்தக் கூஸ்நெக் வலுவாக இல்லாவிட்டால் பாதிப் பாட்டில் மெல்ல மெல்லத் தலை தொங்கிவிடும், நான்காவது வரியில் வலை ஒருபக்கம், வாய் ஒருபக்கம். நல்ல டேக் ஒன்று அப்படிக் கெட்டுப்போகிற வேதனை எனக்குத் தெரியும், பாடுகிறவர் அதே உயிரோடு இன்னொரு முறை பாடித் தருவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கிளாம்ப் இறுக்கமாகப் பிடிக்கிறதா, நீட்டி வைத்தால் நிற்கிறதா என்று பாருங்கள்.

இடைவெளி விட்டும் தொம் வருகிறதென்றால் மைக்கை வாயின் நேர்க்கோட்டிலிருந்து விலக்குங்கள். காற்று நேராகத்தான் பாயும், ஒலி எல்லாப் பக்கமும் பரவும், அந்த வித்தியாசம் நமக்குச் சாதகம். மைக்கை மூக்கு அல்லது நெற்றி உயரத்துக்கு ஏற்றி வாயைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள், இல்லையென்றால் பக்கவாட்டில் 30 டிகிரி திருப்புங்கள், பாடுகிறவர் முன்னே பார்த்துப் பாடட்டும். காற்று மைக்கைத் தாண்டிப் போய்விடும், குரல் நிறம் லேசாகத்தான் மாறும். மைக்கின் முன்னால் நடுவில் ஒரு பென்சிலை நெட்டாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவது ஸ்டுடியோக்களில் பழைய வழக்கம், காற்று அதில் பட்டு இரண்டாகப் பிரியும். அவசரத்துக்கு நானும் செய்திருக்கிறேன், உதவியது.

தமிழில் பாடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். 'பால்' என்பதில் வரும் நம்முடைய 'ப' மூச்சைத் தள்ளாத 'ப'. ஆங்கிலத்தில் 'பவர்', 'பீப்பிள்' என்று சொல்லும்போது முதல் எழுத்தோடு ஒரு மூச்சு சேர்ந்து வெளியே வருகிறது. தமிழ்ப் பாட்டில் நன்றாக ஒலித்த அதே ஏற்பாடு, நடுவே ஒரு ஆங்கிலச் சொல் வந்தவுடன் தொம் அடிப்பதற்குக் காரணம் அதுதான். அந்தச் சொல்லை மட்டும் தமிழ் 'ப' போட்டுப் பாடிப் பாருங்கள், கேட்பவருக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது. 'ஃப'வும் கவனிக்க வேண்டிய எழுத்து, அதில் காற்று ஊதிக்கொண்டே வரும்.

சில தொல்லைகளுக்கு ஃபில்டர் மருந்தில்லை. 'ஸ', 'ஷ' கூர்மையாகக் குத்துவது காற்றால் வருவதில்லை, ஒலியால் வருவது. அதை எந்த வலையும் தடுக்காது, மைக்கைச் சாய்ப்பதும், மிக்சிங்கில் அந்தக் கூர்மையை மட்டும் அடக்கும் டீ-எஸ்ஸரும்தான் வழி. அறையின் எதிரொலிக்கும் ஃபில்டருக்கும் சம்பந்தமே இல்லை.

பிறகு மிக்சிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். 80 ஹெர்ட்ஸில் லோ கட், அதாவது அதற்குக் கீழே உள்ள ஒலியை வெட்டும் வடிகட்டி, போட்டால் தொம் சத்தத்தின் ஒரு பகுதிதான் போகும். மொத்தமும் போக அந்த வெட்டை 150-க்கு மேலே ஏற்றினால் ஆண் குரலின் உடம்பே போய்விடும். அந்த ஒரு எழுத்தை மட்டும் தேடிப் பிடித்து வெட்டலாம், நான் மணிக்கணக்கில் செய்கிறேன், ஆனால் அந்த அடியில் ஒலி அளவு மீறி கிளிப் ஆகி உடைந்திருந்தால் முன்பு இருந்தது போல வராது. ரிப்பன் மைக் என்றால் இன்னும் மோசம், உள்ளே இருக்கும் மெல்லிய உலோகப் பட்டை ஒரே ஊதலில் நீண்டு மைக்கே கெட்டுப்போகலாம். அதற்கு ஃபில்டர் இல்லாமல் வாயருகே வைத்துப் பாடவே கூடாது.

மடிக்கணினி ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள், அவ்வளவு அடிஸ்தாயி அதில் வெளியே வராது. காதை மூடும் ஹெட்போனில் கேளுங்கள். முழுப் பாட்டையும் பாடுவதற்கு முன், அதில் 'ப' அதிகம் வரும் ஒரு வரியை மட்டும் நான்கு விரல் தூரத்தில் ஒருமுறை, இரண்டு விரலில் ஒருமுறை, மைக்கைச் சாய்த்து ஒருமுறை என்று பதிவு செய்து அடுத்தடுத்துக் கேளுங்கள். எது பிடித்ததோ அந்த இடத்தில் கழுத்தை இறுக்கிவிட்டு, நிற்கும் இடத்தில் தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். பாடி முடித்த பிறகு நைலான் வலையைக் கழற்ற முடிந்தால் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுங்கள், எச்சில் ஈரம் மைக்குக்குள் போகாமல் இத்தனை நேரமும் தாங்கி நின்றது அதுதான்.