மூளைக்குள் வைத்த கருவிக்கு யார் பொறுப்பு?

மூளை நோய்களைப் பற்றி எப்போது பேச்சு வந்தாலும் "இதுக்கு மருந்து எப்போ வரும்?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பே இல்லை. வீட்டில் ஒருவருக்கு வலிப்போ, நடுக்குவாதமோ, மறதி நோயோ வந்துவிட்டால் வேறு என்ன கேட்கத் தோன்றும்? ஆனால் இந்தத் துறையின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால், பல இடங்களில் மருந்துக்கு முன்னால் ஒரு கருவி வந்து நின்றிருப்பது தெரியும். அந்தக் கருவிகளைச் செய்தவர்களை நாம் சரியாகப் பாராட்டுவதும் இல்லை, அவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்பதும் இல்லை. மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்ப்பதே பிழைப்பாக இருந்தவன் என்பதால் எனக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் உறுத்துகிறது. பதிவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபெனிடோயின் கதையிலிருந்து தொடங்குகிறேன். வலிப்பு நோய்க்கு உலகம் முழுக்க இன்றும் கொடுக்கப்படும் மாத்திரை. இந்த வேதிப்பொருளை ஜெர்மனியில் ஹைன்ரிஷ் பில்ட்ஸ் என்பவர் 1908-லேயே தயாரித்துவிட்டார். அது வலிப்பை நிறுத்தும் என்று தெரிய வந்தது 1938-ல். நடுவில் முப்பது வருடம் சும்மா கிடந்தது. ஏன்? சோதித்துப் பார்க்க வழியில்லை. அமெரிக்காவில் டிரேசி புட்னமும் ஹூஸ்டன் மெரிட்டும் செய்த காரியம், பூனைகளுக்கு அளந்து மின்சாரம் கொடுத்து, எந்த அளவில் வலிப்பு வருகிறது என்று கணக்கிடும் ஒரு அமைப்பை உருவாக்கியது. அது கைக்கு வந்த பிறகு, அலமாரியில் தூங்கிய பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்படிச் சிக்கியதுதான் ஃபெனிடோயின். முப்பது வருடமாகக் கையில் இருந்தது மருந்து. இல்லாமல் இருந்தது அளவுகோல்.

அந்த அளவுகோலுக்கும் முன்னோடி உண்டு. யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் மனித மூளையின் மின்னலைகளைத் தலைக்கு வெளியிலிருந்தே பதிவு செய்தார். வெளியிடத் தயங்கித் தயங்கி 1929-ல்தான் வெளியிட்டார். ஆரம்பத்தில் பெரிதாக யாரும் நம்பவில்லை. 1935-ல் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் மூவரும், சில நொடிகள் வெறித்துப் பார்த்தபடி உறைந்துபோகும் வகை வலிப்பில் நொடிக்கு மூன்று முறை வரும் கூர்மையான அலைகளைக் காகிதத்தில் காட்டினார்கள். பேய், சாபம், குணக்கேடு என்று உலகம் முழுக்கச் சொல்லிவந்த ஒரு நோய்க்கு, கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு கோடு கிடைத்தது. பிரசங்கம் பண்ணி மாற்ற முடியாததை ஒரு பேனா முனை மாற்றத் தொடங்கியது.

மூளை மின்னலைகளை இப்படிப் பதிவு செய்வதற்குப் பெயர் இஇஜி. அதை எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் பாதி வேலை மின்னணுவியல் இல்லை. டேப்பால் தலையை அளக்க வேண்டும். மூக்கு ஆரம்பிக்கும் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரைக்கும் அளந்து, பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று பிரித்து பென்சிலால் குறிக்க வேண்டும். முடியைப் பிளந்து, தோலை லேசாகத் தேய்த்து, பசை வைத்து, மின்முனையை அழுத்த வேண்டும். முடியில் எண்ணெய் இருந்தால் ஒட்டாது. ஒட்டாவிட்டால் மின்தடை ஏறும், திரையில் வருவது மூளையா மின்விசிறியா என்றே தெரியாது. இத்தனைக்குப் பிறகும் கிடைப்பது, கல்யாண மண்டபத்துக்கு வெளியே நின்று உள்ளே யார் என்ன பேசுகிறார்கள் என்று ஊகிப்பது மாதிரியான சமாசாரம்தான். மேளச்சத்தம் கேட்கும், சண்டை வந்தால் தெரியும், எந்த மேசையில் யார் என்ன சொன்னார் என்பது தெரியாது.

இதில் ஒரு சங்கதி பல வருடம் யார் கண்ணிலும் படவில்லை. அடர்ந்த சுருள்முடி உள்ளவர்களுக்கு இந்த மின்முனைகள் தோலில் சரியாக உட்காராது. அதனால் ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலர் ஆய்வுகளிலிருந்தே விலக்கப்பட்டார்கள், அல்லது அவர்களுடைய பதிவுகள் "தரம் போதவில்லை" என்று ஒதுக்கப்பட்டன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு இதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது: முடியை வரிசை வரிசையாகத் தலையோடு ஒட்டிப் பின்னிவிட்டு, அந்தப் பின்னல்களுக்குக் கீழே மாட்டிக்கொள்ளும்படி ஒரு கிளிப்பை வடிவமைத்தார்கள். சில்லு இல்லை, செயற்கை நுண்ணறிவு இல்லை. தலைமுடியைப் பற்றி யோசித்தார்கள், அவ்வளவுதான். இதையும் நான் மூளைப் பொறியியல் என்றே சொல்வேன்.

நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் செய்தது இன்னும் எளிது. கை துண்டிக்கப்பட்ட பிறகும் இல்லாத கை வலிக்கிறது என்பவர்களுக்கு, ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் தெரியவைத்தார். எல்லோருக்கும் பலித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் மூளை தன் உடலைப் பற்றி வைத்திருக்கும் வரைபடம் மாறக்கூடியது என்பதை ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை வைத்து விவாதத்துக்குக் கொண்டுவந்தது சாதாரண விஷயமா?

சரி, தலைக்குள் போவோம்.

1987-ல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபித் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர், கைநடுக்கம் உள்ள ஒருவருக்கு மூளையின் ஆழத்தில் ஒரு சிறு இடத்தைச் சுட்டு அழிக்கத் தயாரானார். அந்தக் காலத்து வழக்கம் அது. சுடுவதற்கு முன்னால் இடம் சரிதானா என்று பார்க்க லேசாக மின்சாரம் கொடுப்பார்கள். பெனாபித் அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போனார். நொடிக்கு நூறு துடிப்பு என்ற அளவில் நடுக்கம் நின்றுபோனது. மின்சாரத்தை நிறுத்தினால் மறுபடியும் வந்தது. அழிக்காமலே நிறுத்த முடிகிறது, அதுவும் வேண்டும்போது திருப்பிக்கொள்ளும்படி! அங்கிருந்து பிறந்ததுதான் ஆழ்மூளைத் தூண்டல். அமெரிக்காவில் 1997-ல் நடுக்கத்துக்கும், 2002-ல் பார்க்கின்சன் எனும் நடுக்குவாத நோய்க்கும் அனுமதி கிடைத்தது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தியிருக்கிறார்கள்.

பெரும்பாலும் நோயாளி விழித்திருக்கும்போதே இதைச் செய்வார்கள். தலை சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும், கையில் பேனா கொடுத்துச் சுருள் வரையச் சொல்வார்கள். முதல் தாளில் கோடு கிறுக்கலாகப் பல்பல்லாக ஓடும். மின்சாரம் போட்ட பிறகு அதே கை, அதே பேனா, ஒழுங்கான சுருள். அந்த இரண்டு தாளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எந்தக் கல்நெஞ்சக்காரனுக்கும் கண் கலங்கும். எனக்கும் கலங்கியிருக்கிறது. செய்தியில் வருவதும், ஊரெல்லாம் பகிரப்படுவதும் அந்தத் தாள்தான்.

செய்தியில் வராதது பேட்டரி. காறை எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் ஒரு சிறு பெட்டி, அங்கிருந்து கழுத்து வழியாக மூளைக்கு வயர். சார்ஜ் செய்ய முடியாத வகை என்றால் மூன்று முதல் ஐந்து வருடத்தில் தீரும், மறுபடி கத்தி வைத்து மாற்ற வேண்டும். தீர்ந்தது தெரியாமல் விட்டால் நோய் திடீரென்று முழு வேகத்தில் திரும்பும், சிலருக்கு உயிராபத்து வரைக்கும் போகும். சார்ஜ் செய்யும் வகை நீண்ட வருடம் உழைக்கும், ஆனால் தவறாமல் நெஞ்சில் சார்ஜரைச் சரியான இடத்தில் பொருத்தி உட்கார வேண்டும். கை நடுங்கும், வயதான, சில சமயம் மறதியும் தொடங்கிவிட்ட ஒருவர் இதைச் செய்ய வேண்டும் என்று எந்த அறையில் உட்கார்ந்து யோசித்தார்களோ!

இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கரில் இந்தத் தலைவலி ஓரளவு தீர்ந்துவிட்டது. அதன் இணைப்பு முனைக்கு சர்வதேசத் தரம் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் வயரை இன்னொரு நிறுவனத்தின் பெட்டியில் செருகலாம். மூளைக் கருவிகளில் அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு பொதுத் தரம் இன்னும் நிலைபெறவில்லை. பொதுவாக ஒரு நிறுவனத்தோடு தாலி கட்டினால் அதே நிறுவனத்தோடுதான் கடைசி வரை. இதை மாற்ற நோபல் பரிசு வாங்கும் மூளை தேவையில்லை, நாலு நிறுவனங்களும் அனுமதி வழங்கும் அமைப்புகளும் ஒரு மேசையில் உட்கார வேண்டும்.

மூளையில் மின்முனை பதித்து எண்ணத்தால் கணினியை இயக்கும் ஆய்வுகளின் வேகத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். பிரெயின்கேட் ஆய்வு 2004-ல் தொடங்கியது. 2012-ல் வெளியான ஆய்வில், பக்கவாதத்தால் கைகால் செயலிழந்து ஏறத்தாழ பதினைந்து வருடம் ஆன ஒரு பெண், இயந்திரக் கையை எண்ணத்தால் நகர்த்திக் காபி இருந்த குடுவையைத் தானே வாய்க்குக் கொண்டுபோனார். 2021-ல், கையெழுத்து எழுதுவதாக நினைத்தாலே நிமிடத்துக்கு 90 எழுத்து திரையில் வந்தது. 2023-ல், பேச முடியாதவர் பேச முயலும்போதே நிமிடத்துக்கு 62 சொல். பத்து வருடம் முன்னால் இதைச் சொல்லியிருந்தால் கதை விடாதே என்றிருப்பார்கள்.

ஆனால் ஊசி இருக்குமிடம் மூளை. மிருதுவான திசு, ஒவ்வொரு மூச்சுக்கும் நாடித்துடிப்புக்கும் லேசாக அசைகிற திசு. சிலிக்கான் அதைவிடக் கோடி மடங்குக்கும் மேல் விறைப்பானது. அசையும் திசுவில் அசையாத ஊசி உரசிக்கொண்டே இருக்க, சுற்றிலும் தழும்பு கட்டுகிறது, சமிக்ஞை வருடக்கணக்கில் மங்குகிறது. நேற்று 'அ' என்று படித்த துடிப்பு இன்று கொஞ்சம் இடம் மாறியிருக்கும், மறுபடியும் கணினிக்குக் கற்றுத்தர வேண்டும். 2024 ஜனவரியில் நியூராலிங்க் முதல் மனிதருக்குப் பொருத்தியது முடியைவிட மெல்லிய வளையும் இழைகளை. சில வாரங்களில் அவற்றில் பல பின்வாங்கிவிட்டதாக அந்த நிறுவனமே சொன்னது, பிறகு மென்பொருளை மாற்றி ஈடுகட்டினார்கள். கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. என் பார்வையில் இந்தத் துறையின் உண்மையான கடினப் பகுதி இங்கேதான் இருக்கிறது. பூச்சு, பசை, வயர், முனை, கசியாத உறை என்று, பிஎச்டி மாணவர்கள் ஓடி ஒளியும் தலைப்புகளில்.

புதிய கருவி என்றாலே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. போர்ச்சுகலின் ஏகாஸ் மோனிஸ் 1935-ல் மூளையின் முன்பகுதி இணைப்புகளை வெட்டும் சிகிச்சையைத் தொடங்கினார். 1949-ல் அதற்கு நோபல் பரிசே கொடுத்தார்கள். எத்தனை பேர் நடைப்பிணமாக ஆனார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. 2009-ல் சில ஆய்வாளர்கள் செத்த சால்மன் மீனை எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் "காட்டி", கணக்கைக் கவனமில்லாமல் போட்டால் செத்த மீனின் மூளையும் யோசிப்பதாகத் தெரியும் என்று நிரூபித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது.

இனி, இந்தப் பதிவை எழுதவைத்த விஷயம். ஆர்கஸ் 2 என்றொரு செயற்கை விழித்திரை. செகண்ட் சைட் நிறுவனம் செய்தது. 2013-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. பார்வை முற்றிலும் போனவர்களுக்கு ஒளியும் நிழலும் விளிம்புகளும் ஓரளவு தெரிந்தன. உலகம் முழுக்க 350-க்கும் மேற்பட்டவர்கள் பொருத்திக்கொண்டார்கள். 2019-ல் நிறுவனம் அதைக் கைவிட்டது. உதிரி பாகம் இல்லை, பழுது பார்க்க ஆள் இல்லை. கண்ணுக்குள் கருவி அப்படியே இருக்கிறது. சிலருக்கு அது வேலை செய்வதையே நிறுத்திவிட்டது, எடுக்கவும் அறுவை, வைத்திருந்தால் எம்ஆர்ஐ எடுப்பதிலும் சிக்கல். கைபேசியை ஒரு நிறுவனம் கைவிட்டால் வேறு கைபேசி வாங்கலாம். கண்ணை என்ன செய்வது?

நிறுவனங்கள் மூடுவதைத் தடுக்க முடியாது, புரிகிறது. ஆனால் உடலுக்குள் வைக்கும் கருவிக்கு அனுமதி கொடுக்கும்போதே, நிறுவனம் மூடினாலும் பராமரிப்புக்கும் அகற்றவும் பயன்படும் பணத்தைத் தனியாக ஒரு பொது நிதியில் கட்டச் சொல்லலாம். கைவிடும் நாளில் மென்பொருளையும் வரைபடங்களையும் வெளியிட வேண்டும் என்று நிபந்தனை போடலாம். "அப்படிக் கெடுபிடி செய்தால் புதுமை நின்றுவிடும்" என்பார்கள். நிற்கட்டுமே கொஞ்சம். நோயாளியின் மண்டையைத் திறக்கத் துணிகிறவர் ஒரு வைப்புத்தொகை கட்டத் துணியமாட்டாரா?

இன்னொரு பக்கம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வலிப்பு நோய் உள்ளவர்கள் சுமார் 5 கோடிப் பேர். அவர்களில் 80 சதவீதத்துக்கு அருகில் வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் இருக்கிறார்கள். சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் 70 சதவீதம் வரை வலிப்பில்லாமல் வாழலாம். அந்த மருந்துகளில் ஒன்றான ஃபீனோபார்பிட்டால் 1912-லிருந்து இருக்கிறது! இவர்களுக்கு மூளைச் சில்லு வேண்டாம். கரடுமுரடான பாதையில் கொண்டுபோனாலும் உடையாத, பசை காய்ந்துபோகாத, மின்சாரம் போனாலும் ஓடுகிற ஒரு இஇஜி கருவி வேண்டும். படத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, சக்கரம் வைத்துப் படுக்கைக்குத் தள்ளிக்கொண்டு போகக்கூடிய 0.064 டெஸ்லா எம்ஆர்ஐ எனக்கு 7 டெஸ்லா ராட்சதனைவிடப் பெரிய செய்தி (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகு). படம் மங்கல்தான். ரத்தக்கசிவா இல்லையா என்று அவசரத்தில் பார்க்க அந்த மங்கல் பல நேரம் போதும்.

உங்கள் வீட்டில் யாரையாவது இப்படிப்பட்ட ஒரு பரிசோதனை ஆய்வில் சேர அழைத்தால் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் துணிந்தவர்கள் இல்லையென்றால் பெனாபித்தும் இல்லை. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள். ஆய்வு முடிந்த பிறகு கருவி யாருடையது? பேட்டரி தீர்ந்தால் மாற்றும் செலவு யாருடையது? அது உள்ளே இருக்கும்போது எம்ஆர்ஐ எடுக்கலாமா? பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிட முடியுமா, வயர் உட்பட? நிறுவனம் மூடினால் எந்த மருத்துவமனையில் யாரைப் போய்ப் பார்ப்பது? இதற்கெல்லாம் "அப்போ பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால், அந்த "அப்போ"வை ஒப்புதல் படிவத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.