சூபாக்கா செத்ததும் நடந்ததுதான்

ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் நம் 'ஸ்டார் வார்ஸ்' ரசிகர் கூட்டத்தில் நடந்தது வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். "அண்ணா, நீங்கள் சொல்லும் 'ஸ்டார் வார்ஸ்' நாவல்கள் எல்லாம் செல்லாது. 2014இலேயே தூக்கிவிட்டார்கள்" என்று தம்பி சொன்னதும் அறையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். இரண்டு நாளாக அதுவே நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

'ஸ்டார் வார்ஸ்' விண்வெளிப் படங்களை எடுக்கும் லூக்காஸ்ஃபிலிமை டிஸ்னி 2012இல் வாங்கியது. 2014 ஏப்ரலில், அதுவரை வந்த 'ஸ்டார் வார்ஸ்' நாவல்களும் காமிக்ஸும் புதிய படங்களைக் கட்டுப்படுத்தாது என்று அறிவித்து, 'லெஜெண்ட்ஸ்' முத்திரை குத்தி ஒதுக்கிவிட்டார்கள். சரி, படம் எடுப்பவர் அத்தனை நாவல்களையும் தலையில் சுமக்க முடியாது. அடுத்த கதை எது என்று அவர்களே முடிவு செய்யட்டும். நான் படித்தது செல்லுமா என்று முடிவு செய்ய அவர்கள் யார்? அவர்களுக்காக ஹட்டனில் உட்கார்ந்து, தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் பெயர் வெட்டுவது போல வெட்ட நீங்கள் யார்?

1999இல் வந்த நாவல் ஒன்றில், கிரகத்தின் மேல் நிலவே வந்து விழுகிறது. கதாநாயகர்களில் ஒருவனான ஹான் சோலோவின் மகனைக் கப்பலுக்குள் தூக்கிப் போட்டுவிட்டு, ஹானின் உயிர்த்தோழன் சூபாக்கா தரையிலேயே நின்று சாகிறான். கண்டியில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அட்டை இல்லை, ஈரம் ஏறிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. தோட்டத்து லயத்து வீட்டில் அம்மா விளக்கை அணைக்கச் சொல்லிக் கத்த, அந்தப் பக்கங்களைத் தங்கைக்குத் தமிழில் சொன்னேன். அழுதுகொண்டே தூங்கினாள். 2015 படத்தில் சூபாக்கா சுகமாக வந்து நிற்கிறான். சந்தோஷம். அதற்காக அவள் அழுதது இல்லையென்று ஆகிவிடுமா?

"இந்த உலகத்தைப் படைத்த லூக்காஸே நாவல்களைத் தன் உலகத்தில் சேர்க்கவில்லை" என்பீர்கள். 1977இல் ஹான் சோலோவை முதலில் சுடவைத்து, 1997 மறுவெளியீட்டில் அதே காட்சியில் எதிரி க்ரீடோவை முதலில் சுடவைத்த மனிதர் அவர். அவர் பேச்சை விடுங்கள்.

புதியதைப் பொறுக்காத கிழவனாம் நான்! புதிய 'ஸ்டார் வார்ஸ்' தொடரான 'ஆண்டோர்' தொடரைத் திரையிடச் சொல்லி நச்சரித்தது யார்? அல்தானி மலைமக்களைத் தாழ்நிலத் தொழிற்பேட்டைக்கு விரட்டிவிட்டு, அவர்களுடைய புனிதப் பள்ளத்தாக்கில் பேரரசு முகாம் போட்ட கதைக்கு நம் தோட்டத்துப் பிள்ளைகளிடம் யாரும் விளக்கவுரை ஆற்றத் தேவைப்படவில்லை.

"உடனே 1948க்குப் போய்விடுவீர்களே" என்கிறீர்களா? போகத்தான் போகிறேன். தோட்டத்திலேயே பிறந்த என் தாத்தா, அந்த ஆண்டு இலங்கையில் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவராகி அப்படியே செத்தார். விண்வெளிக் கதைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் கேளுங்கள். எங்கோ மேலிடத்தில் எழுதிய தாளை இங்கே ஒருவர் வாசித்துக் காட்டிச் சிரித்தால் எனக்கு வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. பேரரசின் தளபதி த்ரான் யார்? டிமதி ஸான் எழுதிய 1991 நாவலில் பிறந்தவன். செல்லாது என்று ஒதுக்கிய அதே குவியலிலிருந்துதான் 2016இல் 'ரெபெல்ஸ்' தொடருக்கும் 2023இல் 'அசோகா'வுக்கும் அவனைப் பொறுக்கி எடுத்தார்கள். நீங்களும் கைதட்டினீர்கள். அதே நாவலில் மாரா ஜேட் என்று ஒருத்தி இருக்கிறாள். நாளைக்கு அவளையும் திரைக்குக் கொண்டுவந்தால், இவள் யார் என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வராதீர்கள், தம்பி.