நார்க்கழிவு மட்டும் போட்டால் கீரை வராதுங்க

"பொள்ளாச்சி நார்க்கழிவில் எல்லாச் சத்தும் இருக்கிறது. மண், உரம், வெயில் எதுவும் வேண்டாம், படுக்கையறையிலேயே கீரை வளரும்" என்று ஒரு செய்தி நம்ம கோவை, ஈரோடு பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறுங்க.

நார்க்கழிவு, அதாவது தேங்காய் மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும் தூள், நல்ல பொருள்தான். தண்ணீரை நன்றாகப் பிடித்துவைக்கும், வேருக்குக் காற்றும் கிடைக்கும். ஆனால் மக்காத நார்க்கழிவில் தழைச்சத்து (நைட்ரஜன்) 0.26 சதவீதம்தான், கரிமத்துக்கும் (கார்பன்) தழைச்சத்துக்குமான விகிதம் 112:1. இவ்வளவு கரிமம் இருந்தால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். இலை வெளுத்து மஞ்சளாகும். ஆசையாக விதை போட்ட பலர் இந்த இடத்தில்தான் மனசு விட்டுவிடுகிறார்கள். முறையாக மக்கவைத்தால் விகிதம் 24:1க்கு இறங்கும், தழைச்சத்து 1.06 சதவீதமாகும். இந்த அளவுகளைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் இணையதளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். மக்கியதோடு செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து போடுங்கள். கட்டியாக விற்பதை வாங்கினால் முதலில் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிடுங்கள், உப்பு போகட்டும்.

வெளிச்சமும் அப்படித்தான். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; உச்சி வெயில் 1 லட்சம் லக்ஸ் வரை இருக்கும். டியூப்லைட் எரியும் அறையில் சில நூறு லக்ஸ்தான். மணி பிளாண்ட் அதில் தாக்குப்பிடிக்கும், கீரை பிடிக்காது. வெயில் விழும் ஜன்னலோரம் வையுங்கள்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் மேற்கொண்டு யாருக்கும் அனுப்பாதீங்க. அனுப்பியவரிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்க.