93-லேயே முடிந்துவிட்டதா கிரேக்க மெட்டல்?

சனிக்கிழமை ராத்திரி மெட்டல் இசை பற்றி நடந்த ஆன்லைன் லைவைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று தெரியும். அதில் பேசியவரின் பெயர் வேண்டாம். "கிரேக்க மெட்டல் 93லேயே முடிஞ்சுபோச்சு, இப்ப வர்றதெல்லாம் பழைய சாமி பேரை வச்சு ஓட்டுற வியாபாரம், சைப்ரஸ்ல பேண்டே கிடையாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கை தூக்கினேன். நேரமாகிவிட்டது என்று முடித்துவிட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கேள்வி ஒன்றுதான். இந்த கிரேக்க பேண்டுகளின் ஆல்பங்களைக் கேட்டீர்களா? வராத்ரானின் 'தி கிரிம்சன் டெம்பிள்' 2023 டிசம்பரில் வந்தது. ராட்டிங் கிரைஸ்டின் 'ப்ரோ க்ரிஸ்டூ' 2024 மே மாதம். ஃபயர்விண்டின் 'ஸ்டாண்ட் யுனைட்டட்', சூசைடல் ஏஞ்சல்ஸின் 'ப்ரொஃபேன் ப்ரேயர்', 1000மாட்ஸின் 'சீட் டெத்' எல்லாம் அதே 2024தான். பிளாக் மெட்டல், பவர் மெட்டல், த்ராஷ், ஸ்டோனர் ராக் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சத்தங்கள். இதில் ஒன்றையாவது முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்டுவிட்டுத்தான் முடிந்துபோச்சு என்று சொன்னீர்களா?

1993 பெரிய ஆண்டு என்பதில் எனக்கும் சண்டை இல்லை. ராட்டிங் கிரைஸ்டின் 'தை மைட்டி கான்ட்ராக்ட்', வராத்ரானின் 'ஹிஸ் மெஜஸ்டி அட் தி ஸ்வாம்ப்', நெக்ரோமான்டியாவின் 'கிராஸிங் தி ஃபயரி பாத்' மூன்றும் அந்த ஒரே வருடத்தில் வந்தவை. பிளாக் மெட்டலில் நார்வேக்காரர்கள் பனிக்காற்று மாதிரி கிடாரை இடைவிடாமல் இரைத்துக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் வேகத்தைக் குறைத்து, உள்ளங்கையால் தந்தியை அமுக்கி வெட்டி வெட்டி வாசித்து, பழைய ஹெவி மெட்டல் மெட்டுகளை அதன்மேல் ஏற்றினார்கள். நெக்ரோமான்டியாவில் ரிதம் கிடாரே இல்லை. அந்த இடத்தில் 8 தந்தி பேஸ் கிடார். அப்படி ஒரு சத்தம் அதற்கு முன்னால் எங்கே இருந்தது? சரி, அதையெல்லாம் உண்டாக்கியவர்கள் அதோடு வீட்டுக்குப் போய்விட்டார்களா? வராத்ரானில் பாடுவது இன்றைக்கும் அதே நெக்ரோஅபிஸியஸ்தான். அவரைச் சுற்றி வாசிப்பவர்கள் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். அந்தக் குரலும் இந்தக் கிடார்களும் சேர்ந்து நிற்கிற உயரத்தை 'கிரிம்சன் டெம்பிள்' கேட்டால்தான் புரியும்.

'ப்ரோ க்ரிஸ்டூ' எனக்கு முழுத் திருப்தி தரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டுக்குரல் அதிகம், பல பாட்டுகள் ஒரே நடையில் போகின்றன. 2007இல் வந்த 'தியோகோனியா'வில் இருந்த மூர்க்கம் இதில் இல்லை. ஆனால் கிறிஸ்தவம் வருவதற்கு முந்தைய உலகத்தின் கடைசிக் காலத்தை எடுத்துக்கொண்டு, பழைய சாமிகளிடம் திரும்பிப் போன ரோமப் பேரரசர் ஜூலியன் வரைக்கும் போய்ப் பார்க்கிற ஆல்பம் அது. குறை சொல்லலாம், தாராளமாகச் சொல்லலாம். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

"சாமி பேரை வச்சு வியாபாரம்" என்றதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் கப்பலில் இன்ஜின் பக்கம் வேலை பார்த்தவன் என்பது இங்கே பலருக்குத் தெரியும். கிரேக்கக் கம்பெனியின் பல்க் கேரியர், தானியம், நிலக்கரி மாதிரி சரக்கை மொத்தமாக ஏற்றுகிற கப்பல். செகண்ட் இன்ஜினியர் கிரேக்கத்தின் யோனினா பக்கத்து ஆள், அல்பேனிய எல்லையை ஒட்டிய மலை நாடு. நாலு மணியிலிருந்து எட்டு மணி வரைக்குமான வாட்ச்சில் அவருக்குக் கீழே நான் ஜூனியர். ஒரு விடிகாலை, எண்ணெயைச் சுத்தம் செய்கிற ப்யூரிஃபையர் ரூமிலிருந்து வந்தவர் கையிலிருந்த எண்ணெயைக் காட்டன் வேஸ்டில் துடைத்துவிட்டு, தன் ஹெட்போனை எடுத்து என் காதில் மாட்டினார். வில்லேஜர்ஸ் ஆஃப் யோனினா சிட்டி என்கிற பேண்டின் 'ரிசா', 2014 ஆல்பம். கனத்த கிடாருக்கு மேலே ஒரு கிளாரினெட் அழுதுகொண்டு போகிறது. எங்கள் ஊர்ப் பக்கம் சாவு வீட்டில் வாசிக்கிற தினுசு இது, என் பாட்டிக்கும் வாசித்தார்கள் என்றார். எனக்கு எங்கள் தெரு ஒப்பாரிதான் ஞாபகம் வந்தது. அந்த மனிதர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. கேஜ் ரீடிங் எழுதப் போய்விட்டார். அவருடைய பாட்டியின் சாவுப் பாட்டையா வியாபாரம் என்கிறீர்கள்?

அப்புறம் சைப்ரஸ், பெரும்பாலும் கிரேக்கம் பேசுகிற தீவு நாடு. "பேண்டே கிடையாது". அங்கே இருக்கிற லிமசோல் எங்களைப் போன்ற கப்பல்காரர்களுக்குப் பழக்கமான ஊர், கப்பல் நிர்வாகக் கம்பெனிகள் வரிசையாக இருக்கும். க்ரூ சேஞ்ச், அதாவது கப்பல் ஆட்கள் மாறுகிற சமயத்தில் ஏஜென்ட் டிக்கெட் போடும் வரை சும்மா கிடந்த நாட்களில் அங்கே ஒரு கடையில்தான் அர்ரயன் பாத் என்கிற சைப்ரஸ் பேண்டின் சிடியை முதலில் பார்த்தேன். அந்தக் குடியரசின் ஜனத்தொகையே 2021 கணக்கெடுப்பில் சுமார் 9.2 லட்சம்தான். அதற்குள்ளிருந்து அர்ரயன் பாத், வின்டர்ஸ் வெர்ஜ், பிளைண்ட், வோமிடைல் என்று பேண்டுகள். பிட்ச் பிளாக் ரெக்கார்ட்ஸ் என்று சொந்த லேபிள். 2016இல் ஐரோப்பாவின் பாட்டுப் போட்டியான யூரோவிஷனுக்கே மைனஸ் ஒன் என்கிற ராக் பேண்டை அனுப்பிய நாடு அது. அர்ரயன் பாத்தின் பாடகர் நிக்கலஸ் லெப்டோஸை அமெரிக்க மெட்டல் பேண்டான வார்லார்ட் தேடிக் கூப்பிட்டுப் பாட வைத்தது, அந்த ஆல்பம்தான் 2013இல் வந்த 'தி ஹோலி எம்பயர்'. அதே 2013 மார்ச்சில்தான் சைப்ரஸ் வங்கிகள் கதவைச் சாத்தின, பெரிய டெபாசிட்காரர்களின் பணத்தில் வெட்டு விழுந்தது. அந்த வருடமும் அர்ரயன் பாத் ஆல்பம் போட்டது. 2022இல் 'தஸ் ஆல்வேஸ் டு டைரன்ட்ஸ்' வந்தது. கிடையாது என்று ஒரே வார்த்தையில் அழித்துவிட்டுச் சிரிக்க எப்படி மனசு வருகிறது?

சிலர் இப்போதே டைப் பண்ண ஆரம்பித்திருப்பீர்கள். ராட்டிங் கிரைஸ்ட், அதாவது அழுகும் கிறிஸ்து என்று பெயர் வைத்தவர்களுக்கு வக்காலத்தா என்று. அந்தப் பெயர் நம்பிக்கையுள்ளவர்களை நோகடிக்கும், உண்மைதான். என் அம்மா ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவர். வீட்டில் அந்த டீஷர்ட்டை நான் போட்டதே இல்லை. 2005இல் அமெரிக்க மெட்டல் பேண்டான மெகாடெத்தின் டேவ் மஸ்டெய்ன் இவர்களோடு மேடை ஏற மாட்டேன் என்றார். அது அவர் உரிமை. ஆனால் 2018இல் ஜார்ஜியா நாட்டில் ராட்டிங் கிரைஸ்டின் சாகிஸ், தெமிஸ் அண்ணன் தம்பி இரண்டு பேரையும் பிடித்து உள்ளே வைத்தார்களே, அதற்கு என்ன சொல்வீர்கள்? பெயர் பிடிக்காவிட்டால் டிக்கெட் வாங்காதீர்கள். 1987இலிருந்து அந்த இரண்டு பேரும் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். பெயரை வைத்து முழு உழைப்பையும் தள்ளுவதை நான் ஏற்க மாட்டேன்.

ஆங்கிலத்தில்தானே பாடுகிறார்கள், இதில் கிரேக்கம் எங்கே என்பவர்களுக்கு: கேட்டுவிட்டு வாருங்கள். நார்வேதான் பெரிது என்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

உண்மையில் வலித்தது அந்தச் சிரிப்புதான். ராத்திரி ஹெட்போன் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் "என்னடா கத்தல் இது" என்று வீட்டில் சிரித்தார்கள், காலேஜில் சிரித்தார்கள், மெஸ் ரூமில் சிரித்தார்கள். பாட்டைக் கேட்காமலே சிரித்தார்கள். அதையெல்லாம் தாண்டி வந்தவர்கள்தானே அந்த லைவில் இருந்த அத்தனை பேரும்? நாமே இன்னொரு ஊர்க்காரன் பாட்டைக் கேட்காமல் சிரித்தால் எப்படி? வெளிநாட்டுப் பத்திரிகை வருடக் கடைசிப் பட்டியலில் போட்டிருந்தால் அன்றைக்கு ஒருத்தரும் சிரித்திருக்க மாட்டீர்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் இவ்வளவு கோபம்.

'கிரிம்சன் டெம்பிள்' கேளுங்கள், 'தஸ் ஆல்வேஸ் டு டைரன்ட்ஸ்' கேளுங்கள். பிடிக்கவில்லையா, எந்தப் பாட்டில் எந்த இடம் பிடிக்கவில்லை என்று கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். லைவில் பேசியவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.