செத்த மீனைக் காட்டச் சொன்னவருக்கு

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வயலில் அடிக்கிற பூச்சிமருந்து ஏரி மீனைக் கெடுக்கிறது என்று நான் பேசினேன். ஒருவர் எழுந்து, "மருந்து மருந்துன்னு கத்துறீங்களே, செத்த மீன் எங்கே? ஒண்ணைக் காட்டுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு நாளாகத் தூக்கமில்லை எனக்கு.

சரி, செத்த மீன் இல்லை. நான் பேசியது சாகிற மீனைப் பற்றி இல்லையே, முட்டை போடாத மீனைப் பற்றி. சில பூச்சிமருந்துகள் கொல்லாத அளவில் கலந்தாலும் போதும், மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகிற ஹார்மோன் உத்தரவு குழம்பிவிடும். முட்டை முற்றாமலே கரைந்துபோகும். பெண் மீனின் முட்டைக்கருவுக்கென்று சுரக்கிற வைட்டெல்லோஜெனின் புரதம், சில ரசாயனங்கள் பட்டால் ஆண் மீன் ரத்தத்திலும் வந்துவிடும். அந்த மீன் நீந்தும், தின்னும், வலையிலும் விழும். குஞ்சு மட்டும் இருக்காது. இதில் செத்த மீனுக்கு நான் எங்கே போவேன்?

இன்னொன்று. நம் ஆற்று மீனும் ஏரி மீனும் பெரும்பாலும் முட்டையிடுவது மழைக்காலத்தில். வயலில் மருந்தடிப்பதும் அப்போதுதான். மழை அதைக் கழுவிக்கொண்டு, குஞ்சு பொரிக்கிற ஆழமில்லாத கரையோரத்துக்கே கொண்டுவருகிறது.

"பெங்களூருக்கு சாக்கடைதான் பிரச்சினை" என்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன். 2016-ல் அல்சூர் ஏரியில் மீன்கள் மிதந்தது தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாமல்தான். ஆனால் கோலாரில் தக்காளி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஏரிகள்? அந்தத் தக்காளிதானே நம் வீட்டு ரசத்தில் கிடக்கிறது.

"விவசாயி வயித்துல அடிக்காதே" என்று ஒருவர். என் அப்பாவே விவசாயிதான் ஐயா. கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கள் ஊர் ஏரிக்கு வருகிற வாய்க்காலில்தான் மருந்தடிக்கிற டேங்கை அலசுவார். தண்ணீர் பால் மாதிரி வெளுத்து ஓடும். நான்தான் மொண்டு ஊற்றுவேன். அது தப்பென்று அவருக்கு யார் சொன்னார்கள்? டப்பாவில் இருக்கிற முக்கோண நிறம்கூட மனுஷனுக்கு எவ்வளவு ஆபத்து என்பதற்குத்தான். மீன் முட்டைக்கு அதில் நிறமே கிடையாது. அவர் மேல் பழி போடவா நான் அங்கே எழுந்து நின்றேன்?

அதே ஏரியில் விரால் குஞ்சு பார்த்திருக்கிறேன். தண்ணீர் மேல் குங்குமம் கொட்டின மாதிரி சிவப்பாக ஒரு கும்பல் துடிக்கும். அடியில் தாயும் தகப்பனும் காவல். கையை நீட்டினால் தாய் பாய்ந்து வரும்.

கூட்டம் முடிந்ததும் செத்த மீன் கேட்டவர் "உங்க ஊர் ஏரிக்குப் போய் இதையெல்லாம் பேசுங்க" என்றாரே, அதுதான் ஆறவில்லை. அல்சூரில் இருபத்தெட்டு வருஷமாக இருக்கிறேன். இந்த ஊர்த் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குத்தான் போகிறது. இதில் எது உங்கள் ஊர், எது என் ஊர்?

போன ஐப்பசியில் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஏரிக்குப் போனேன். ஒரு மணி நேரம் கரையில் நின்றோம். மருந்து மட்டும்தான் காரணம் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அந்தச் சிவப்பை அவளுக்குக் காட்ட முடியவில்லை.